வட்டம், நஞ்சு, ஓலை: எழுதாத கைமாற்றுக் காசின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசியுங்கள். காசு கொடுத்துவிட்டு வாய் திறக்க முடியாமல் இருக்கும் யாராவது உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லியே தொடங்குகிறோம். எங்கள் தம்பியும் இன்னொருவரும் சேர்ந்து மீன் ஏற்றும் லொறி ஒன்று ஓட்டினார்கள். திருகோணமலையில் ஏற்றி வெளியூரில் இறக்குவது. மூன்று வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு பிரிந்தார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. லொறி அவருக்கு, தம்பிக்குரிய பங்கு காசாக. பிரிந்து ஆறு மாதத்தில், 2019 நவம்பரில், ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு அவர் லிங்கநகரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்ஜின் வேலை, நான்கு இலட்சம் தேவை, ஆறு மாதத்தில் தந்துவிடுவேன் என்றார். விறாந்தையில் வைத்து எண்ணிக் கொடுத்தோம். ஒரு துண்டுக் கடதாசி எழுதவில்லை. ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவரிடம் கையெழுத்துக் கேட்பதா என்ற வெட்கம்தான் காரணம்.

2020இல் கொரோனா வந்தது. 2022இல் ரூபா விழுந்தது. 2019இல் 180 ரூபா அளவில் இருந்த டொலர், 2022 மே மாதம் 360ஐத் தொட்டது. நான்கு இலட்சம் எங்கள் கண் முன்னாலேயே பாதியானது. காசும் வரவில்லை. கேட்கப் போனபோது, "அது கடன் இல்லையே, லொறி நட்டத்தில் உங்கள் பங்குதானே" என்று பதில் வந்தது.

அந்த நாட்களில்தான் இந்த விடயத்தை வரலாற்றில் தேடி வாசிக்கத் தொடங்கினோம். எழுதாத கடனை முன்னோர்கள் எப்படி வாங்கினார்கள் என்ற கேள்வி. கிடைத்தவை எங்கள் துறைமுகத்தையும் எதிர்க்கரையையும் சுற்றியே இருந்தன.

*

முதலில் எதிர்க்கரை. 13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்து ஆண்டுகளில் மார்க்கோ போலோ சீனாவிலிருந்து திரும்பும் வழியில் மஃபர் கரைக்கு வந்தார். மஃபர் என்பது அரபு வணிகர் தமிழ்நாட்டுக் கிழக்குக் கரைக்கு வைத்த பெயர். பாண்டியர் ஆண்ட காலம். குதிரையும் முத்தும் அந்தக் கரையில் பெரிய வியாபாரம்.

அங்கே கண்ட ஒரு வழக்கத்தை அவர் எழுதி வைத்திருக்கிறார். கடன்காரர் பலமுறை கேட்டும் இன்று நாளை என்று இழுத்தடித்தால், கொடுத்தவர் அவரைக் கண்ட இடத்தில் தரையில் அவரைச் சுற்றி ஒரு வட்டம் கீறிவிடலாம். வட்டத்துக்குள் நிற்பவர் கடனைத் தீர்க்கும்வரை, அல்லது அதற்கு ஈடு கொடுக்கும்வரை, கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மரண தண்டனை.

இந்த வட்டத்தில் ஒரு முறை அரசனே மாட்டிக்கொண்டான். வெளிநாட்டு வணிகர் ஒருவருக்கு அரசன் காசு கொடுக்க இருந்தது. தவணை தவணையாகக் கடந்துபோனது. ஒரு நாள் அரசன் குதிரையில் போகும்போது அந்த வணிகர் குதிரையோடு சேர்த்து அவனைச் சுற்றி வட்டம் கீறிவிட்டார். அரசன் குதிரையை நிறுத்தினான். வணிகரின் காசு முழுதாக வந்து சேரும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. நின்று பார்த்த சனங்கள் தங்கள் அரசனின் நீதியைப் பாராட்டினார்கள் என்கிறார் போலோ.

இந்த முறைக்கு எழுத்து தேவைப்படவில்லை. ஆனால் சபை தேவைப்பட்டது. கடன் உண்டென்று நாலுபேர் அறிந்திருக்க வேண்டும், கோட்டை மதிக்கும் சட்டமும் இருக்க வேண்டும். நாங்கள் கொடுத்தது இருட்டில், விறாந்தையில், யாருக்கும் தெரியாமல். எங்களிடம் வட்டம் கீறக் கோலும் இல்லை, பார்த்து நிற்கச் சனமும் இல்லை.

*

அடுத்த கதை எங்கள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தொடங்குகிறது. மூதூர்ப் பக்கம் போகிறவர்களுக்குக் கொட்டியாரக்குடாவைச் சொல்லித் தரத் தேவையில்லை. 1659இன் கடைசியில் புயலில் பாய்மரம் சேதமான ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் திருத்த வேலைக்காக அந்தக் குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகனையும் மற்றவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த மகன்தான் ரொபர்ட் நொக்ஸ். பிடிபட்டபோது வயது 19. தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் 1679இல்தான் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். 1681இல் அவர் எழுதிய இலங்கை பற்றிய நூல் லண்டனில் அச்சானது.

நொக்ஸைக் கைதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் கடன் கொடுத்து வாங்கிய வியாபாரி என்பதைச் சொல்வதில்லை. அரசன் அவரைச் சிறையில் பூட்டவில்லை, ஊரில் விட்டிருந்தான். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். கிடைத்த நெல்லை ஊராருக்குக் கடனாகக் கொடுத்தார். வருடத்துக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி: இரண்டு மரக்கால் கொடுத்தால் அறுவடையில் மூன்று. வட்டி எங்களுக்கு ஆகாது, அது வேறு விடயம். கவனிக்க வேண்டியது, திருப்பி வாங்க அவர் பட்ட பாடு. நெல் வெட்டிச் சூடு மிதிக்கும் நாளில் கடன் கொடுத்தவர் தானே வயலில் போய் நிற்க வேண்டும். ஒருவருக்குப் பல கடன்காரர் இருப்பார்கள். முந்தி வந்தவன் அள்ளிக்கொண்டு போவான். பிந்தி வந்தவன் அடுத்த போகம் வரை காத்திருக்க வேண்டும். அள்ளிய நெல்லை வீட்டுக்குச் சுமப்பதும் கொடுத்தவன் பாடு.

அந்த நாட்டின் கடன் சட்டத்தையும் நொக்ஸ் எழுதியிருக்கிறார். இரண்டு வருடத்தில் கடன் இரட்டிக்கும். அதற்குமேல் எத்தனை வருடம் போனாலும் ஏறாது. கொடுக்க முடியாதவனின் பொருளையும் மாட்டையும், சில நேரம் பிள்ளையையும், அதிகாரியின் அனுமதியோடு பிடித்துக்கொண்டு போகலாம். தீர்க்க வழியே இல்லாதவன் கொடுத்தவனுக்கு அடிமையாக இருக்க வேண்டும்.

இன்னொரு வழி மனதை உலுக்குவது. கடன் கொடுத்தவர் நியங்கலா இலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாங்கியவர் வீட்டு வாசலுக்குப் போவார். நியங்கலா என்பது தமிழில் கார்த்திகைச் செடி, கடும் நஞ்சு. "காசைத் தராவிட்டால் இதைத் தின்று இங்கேயே சாவேன்" என்று சொல்லி நிற்பார். தன் வாசலில் ஓர் உயிர் போன பழி வரும் என்று பயந்து, பிள்ளையை விற்றாவது கடனைத் தீர்ப்பார்களாம்.

வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தோம். கடன் கொடுத்தவன் சாகத் துணிகிறான், வாங்கியவன் பிள்ளையை விற்கிறான். இரண்டு வீடும் நாசம்.

அதே நொக்ஸ், எலதெத்த என்ற ஊரில் நிலம் வாங்கியபோது என்ன செய்தார் தெரியுமா? விலை 25 லாரின். வெள்ளிக் கம்பியை வளைத்துச் செய்த காசு அது. அந்த நாட்டு முறைப்படி ஓலையில் உறுதி எழுதி, ஊரில் மதிப்புள்ள ஏழெட்டுப் பேர் சாட்சியாக இருக்க, ஓலையைக் கையில் வாங்கிய பிறகே காசைக் கொடுத்தார். உரிமை எதுவும் இல்லாத கைதி ஒருவர், மொழி தெரியாமல் வந்தவர், சிறிய துண்டு நிலத்துக்கு ஓலையும் ஏழெட்டுச் சாட்சியும் வைத்துக்கொண்டார். படித்த நாங்கள் நான்கு இலட்சத்துக்கு ஒன்றும் வைக்கவில்லை.

*

நொக்ஸ் மலைநாட்டில் இருந்த அதே காலத்தில், 1677இல், அவருடைய ஊரில் ஒரு சட்டம் வந்தது. பொய்ச் சாட்சி பெருகியதால் சில வகை உடன்படிக்கைகள் எழுத்தில் இருந்தால் மட்டுமே நீதிமன்றம் ஏற்கும் என்றது அது. அந்தச் சட்டத்தின் வழியில் வந்ததுதான் நம் நாட்டின் 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம். இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். நமக்குத் தனியாள் சட்டம் இருப்பதால் கடனுக்கும் அது பொருந்தும் என்று சிலர் நினைக்கிறார்கள். 1806இல் ஆங்கிலேயர் தொகுத்த முஸ்லிம் சட்டக் கோவை வாரிசுரிமை, திருமணம் போன்றவற்றுக்கு உரியது. கொடுக்கல் வாங்கலில் இந்த நாட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம்: ஒல்லாந்தர் விட்டுப்போன உரோம டச்சுச் சட்டமும் அதன்மேல் வந்த கட்டளைச் சட்டங்களும்.

1840ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாம் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று, காணிக் கொடுக்கல் வாங்கலுக்கு எழுத்து வேண்டும், இன்னொருவர் கடனுக்குப் பிணை நிற்பதற்கும் எழுத்து வேண்டும். ஆனால் சாதாரணக் கைமாற்றுக் கடன் அந்தப் பட்டியலில் இல்லை. எழுதவில்லை என்பதற்காக மட்டும் கடன் செத்துப்போவதில்லை. வாய்ப்பேச்சுக் கடனுக்கும் வழக்குப் போடலாம்.

இரண்டு, கூட்டு வியாபாரத்தின் முதல் ஆயிரம் ரூபாவுக்கு மேல் என்றால், கூட்டு உண்டென்று நிலைநாட்ட எழுத்து வேண்டும். 1840இல் நூறு பவுண் என்று எழுதியிருந்தது. பிறகு ஆயிரம் ரூபா என்றானது. அந்த நாளில் அது பெரும் வியாபாரம். இன்று ஒரு தேத்தண்ணிக் கடையும் அதற்குள் அடங்காது. எனவே எழுதாத கூட்டு எல்லாமே இந்த வலையில் விழும். கூட்டாளிகளின் கொடுக்கல் வாங்கலையும் கணக்குத் தீர்த்ததையும் பற்றி வாய்ச் சாட்சி சொல்ல அதே பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவின் பேரில் எழுந்த பேட் எதிர் பேட் என்ற வழக்கு 1915இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது.

முன்னாள் கூட்டாளிக்குக் கொடுத்த கடன் ஏன் மற்றக் கடன்களைவிடச் சிக்கல் என்பது இங்கேதான் விளங்கும். கடனாகக் கொடுத்த காசு, வியாபாரம் நட்டம் போனாலும் திரும்ப வேண்டும். முதலாகப் போட்ட காசு நட்டத்தில் கரையலாம். வெளியாளுக்குக் கொடுத்தால் இந்தக் கேள்வி எழாது. ஒரு காலத்தில் பங்காளியாக இருந்தவருக்குக் கொடுத்தால், "அது கடன் இல்லை, முதல்" என்று சொல்ல அவருக்கு ஒரு வாசல் இருக்கிறது. எங்களுக்குச் சொன்னதும் அதைத்தான்.

*

அடுத்தது நேரம். 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் காலாவதிச் சட்டம் கடனுக்கு மணிக்கூடு வைத்தது. எழுத்தில் உள்ள கடனுக்கு 6 வருடம். எழுத்தில்லாத கடனுக்கு 3 வருடம். கடையில் கொப்பியில் எழுதிக் கொடுத்த சாமானுக்கு 1 வருடம். தவணை சொல்லாமல் கொடுத்திருந்தால், கொடுத்த நாளிலிருந்தே மணிக்கூடு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இந்த மூன்று வருடத்தைத் தின்பது வெட்கம்தான். முதல் வருடம் கேட்கக் கூச்சம். இரண்டாம் வருடம் அவருக்குக் கஷ்டம் என்ற இரக்கம். மூன்றாம் வருடம் பெருநாள் முடியட்டும், பிள்ளையின் சோதனை முடியட்டும். அதோடு முடிந்தது.

ஓடும் மணிக்கூட்டை மீண்டும் தொடக்கத்துக்குத் திருப்பும் வழிகள் அதே சட்டத்தில் உள்ளன. கடன்பட்டவர் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட எழுத்து ஒன்று. மிச்சத்தையும் தருவேன் என்று காட்டும்படி ஒரு பகுதியைக் கொடுப்பது மற்றது.

சாட்சியம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி இத்தனை சாட்சி வேண்டும் என்ற எண்ணிக்கை கிடையாது. நம்பத்தக்க ஒருவர் போதும். ஒழுங்காக எழுதி வந்த கணக்குக் கொப்பியைக் காட்டலாம், ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவரைக் கடன்காரர் ஆக்க முடியாது. 1948இல் சரவணமுத்து எதிர் டி மெல் என்ற வழக்கில் நீதிமன்றம் இன்னொன்று சொன்னது. வியாபார விடயத்தில் ஒருவர் இன்னதுதான் நடந்தது என்று கடிதம் எழுதினால், அதை ஏற்காதவர் பதில் எழுத வேண்டும். எழுதாமல் மௌனமாக இருந்தால் அந்த மௌனம் அவருக்கு எதிராகப் போகலாம். சட்டத்தரணிகள் முதலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பச் சொல்வது இதனால்தான். 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பிறகு வட்ஸ்அப் செய்தியும் வங்கிக் குறிப்பும் சாட்சியாக நிற்கலாம். போன் மாற்றும்போது பழைய செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

*

இப்போது எங்கள் வீட்டுக் கதையின் மிச்சம்.

2023இல் மத்தியஸ்த சபைக்குப் போனோம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த சபைகள் இவை. பழைய ஆட்கள் இன்னும் இணக்க சபை என்பார்கள். குறித்த தொகைக்குக் குறைந்த பிணக்குகள் நீதிமன்றத்துக்கு முன் அங்கே போக வேண்டும். தீர்ப்பளிக்க மாட்டார்கள், இரண்டு பக்கத்தையும் பேச வைப்பார்கள்.

எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி உம்மா. அன்று இரவு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவர். அவரை நம்பித்தான் போனோம். அந்த மனிதரும் உம்மாவை மதிப்பவர். "சாச்சி, நீங்களே சொல்லுங்க, அது கடனா பங்கா?" என்று கேட்டார். உம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காசை எண்ணிக் கையில வாங்கினது நீதான் மகன். அது என்னத்துக்கெண்டு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

எங்களுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னதுதான் உண்மை. காசு கைமாறியதைக் கண்டவர் அவர். என்ன பேச்சில் கைமாறியது என்பதைக் கேட்டவர் அல்ல. எலதெத்தவில் நின்ற ஏழெட்டுப் பேருக்கு என்ன விற்கிறது, என்ன விலை என்பது தெரிந்திருந்தது. சாட்சி என்றால் அப்படி.

கடைசியில் காப்பாற்றியது நாங்கள் மறந்தே போயிருந்த ஒரு வங்கிக் குறிப்பு. 2021 மார்ச்சில் அவர் தம்பியின் கணக்குக்கு 15,000 ரூபா போட்டிருந்தார். கூடவே வட்ஸ்அப்பில் ஒரு வரி: வாங்கின கடன் காசில் இது முதல், மிச்சம் பிறகு. அந்த ஒரு வரியில் கடன் என்ற சொல்லும் இருந்தது, மிச்சம் என்ற சொல்லும் இருந்தது. அது இல்லாவிட்டால் மூன்று வருடம் தாண்டியதும் எங்கள் கதை முடிந்திருக்கும். அந்தக் கொடுப்பனவுக்குப் பிறகு மூன்று வருடம் இன்னும் ஆகவில்லை என்று சட்டத்தரணி காட்டித் தந்தார்.

செய்தியைப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். மாதம் பத்தாயிரம் வீதம் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டார். சில மாதம் வருகிறது, சில மாதம் பிந்துகிறது. அவருக்கும் கஷ்டம் இருக்கிறது, நாங்கள் நெருக்கவில்லை. ஆனால் தம்பியும் அவரும் முன்பு போல ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடிப்பதில்லை. காசு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, அந்த இருப்பு திரும்பவில்லை.

இங்கே எங்கள் பிழையையும் சொல்ல வேண்டும். அவரை ஏமாற்றுக்காரர் என்று ஊரில் நாங்களும் சிலரிடம் சொன்னோம். யோசித்துப் பார்த்தால், அவர் மனதில் அது உண்மையிலேயே மெல்ல மெல்லப் பங்காக மாறியிருக்கலாம். எழுதாத காசு இரண்டு பேர் மனதில் இரண்டு விதமாக வளரும். எழுதாததால் நாங்கள் எங்கள் காசை மட்டும் ஆபத்தில் விடவில்லை, அவரையும் சோதனையில் தள்ளினோம்.

*

அல்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் கடனைப் பற்றியது. அல்பகரா 282. தவணைக்குக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதுங்கள், எழுதுபவர் நீதமாக எழுதட்டும், கடன்படுபவரே வாசகத்தைச் சொல்லட்டும், சாட்சி வையுங்கள், தொகை சிறிது பெரிது என்று சலிக்காதீர்கள் என்று படிப்படியாகச் சொல்லும் வசனம். அதற்கு இரண்டு வசனம் முன்னால், கஷ்டப்படும் கடன்காரருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். எழுதுவது நம்பிக்கையின்மை அல்ல. எழுதி வைத்தவர்தான் பயமில்லாமல் அவகாசம் கொடுக்க முடியும்.

ஆகவே, சுருக்கமாக:

கூட்டு பிரியும் நாளிலேயே கணக்கை ஒரு தாளில் எழுதி, யாருக்கு யார் எவ்வளவு, இனி ஒன்றும் இல்லை என்று இருவரும் கையெழுத்திடுங்கள். அதற்குப் பிறகு கொடுக்கும் காசு எதுவானாலும் அது புதுக் கணக்கு. கடன் என்ற சொல், தொகை, திகதி, தவணை நான்கும் எழுத்தில் இருக்கட்டும். சாட்சிக்கு வருபவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கடையில் விற்கும் புரோநோட்டுத் தாளில் எழுதினால், 1918ஆம் ஆண்டுக் கடன் கொடுத்தல் சட்டம் கேட்கும் இடங்களை, அதாவது உண்மையாகக் கொடுத்த தொகை, முற்கூட்டிக் கழித்த வட்டி, வட்டி வீதம் ஆகியவற்றை வெறுமையாக விடாதீர்கள். வட்டி இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள்.

ஏற்கனவே எழுதாமல் கொடுத்தவர்கள் இன்றே திகதியைப் பாருங்கள். மூன்று வருடம் ஆகவில்லை என்றால், மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள்: இன்ன நாள் இன்ன தொகை கடனாகத் தந்தேன், எப்போது தர வசதிப்படும்? வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சிறு தொகையானாலும் வங்கி வழியாக வாங்குங்கள். பொலிஸுக்கு ஓடுவதால் வெறும் கடன் திரும்பாது. கடன் வாங்கிக் கொடுப்பது அவர்கள் வேலை அல்ல. மத்தியஸ்த சபைக்குப் போங்கள். நாள் நெருங்கியிருந்தால் தாமதிக்காமல் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.

கடன்பட்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடுக்க முடியாவிட்டாலும் மறுக்காதீர்கள். தருவேன் என்ற ஒரு வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள். குதிரையை நிறுத்தி வட்டத்துக்குள் நின்ற அரசனுக்கு அதனால் மதிப்புக் குறையவில்லை.

இன்றைய இஷாவுக்குப் பிறகு யாராவது உங்கள் விறாந்தைக்கும் வரலாம். உதவுங்கள், மறுக்காதீர்கள். தேத்தண்ணியோடு ஒரு கொப்பித் தாளையும் பேனையையும் கொண்டுவந்து வையுங்கள். எங்கள் உம்மா இப்போது அப்படித்தான் செய்கிறார்.

வல்ல அல்லாஹ் கொடுத்தவருக்கும் பட்டவருக்கும் இலேசாக்கி வைப்பானாக. பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள்.